ரோஸ் பேசினுக்கு மேலே சிவலிங்கம், கீழே நான்

போர்ட் பிளேரில் எங்கள் செக்‌ஷனில் இப்போது வேலை பார்க்கிற பையன்களுக்கு ஒரு வழக்கம் வந்திருக்கிறது. வாஷ் பேசின் அடியில் தண்ணீர் இறங்குகிற குழல், அதாவது வேஸ்ட் கப்ளிங், இறுகிப்போய் வரமாட்டேன் என்றால், கொஞ்ச நேரம் ரிஞ்சு என்கிற ஸ்பேனரைப் போட்டு முறுக்கிப் பார்ப்பார்கள். அப்புறம் சுத்தியலை எடுத்து பேசினையே உடைத்துப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று மாட்டிவிடுவார்கள். இப்போது மெயின்லேண்டிலிருந்து கப்பல் கப்பலாக வெள்ளை பேசின் வந்து இறங்குகிறது. கப்ளிங்கும் பிளாஸ்டிக். விரலாலேயே திருகிவிடலாம். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நான் சர்வீஸில் இருந்தால் நானும் உடைத்திருப்பேன்.

ரிட்டயர் ஆனவர்களையும் தங்கள் வாட்ஸப் குரூப்பில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். போன மாதம் ஒரு பையன் அதில் கேட்டிருந்தான்: பழைய பித்தளை கப்ளிங்கை எல்லாம் பேசின் உடையாமல் எப்படி எடுத்தீர்கள்? அதற்கு இன்னொருவன் பதில் போட்டான், கெஸ்ட் ஹவுஸ் ரோஸ் பேசின் கதையைச் சிவலிங்கம் மேஸ்திரி எழுதினால் நன்றாக இருக்கும் என்று. அதன் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். குரூப்பில் நானும் இருக்கிறேன் என்பதே ஒருத்தனுக்கும் ஞாபகம் இல்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

சிவலிங்கம் எழுத மாட்டான். எழுதினாலும் என்னைப் புகழ்ந்துதான் எழுதுவான். அதைப் படிக்கிற திராணி எனக்கு இல்லை. அதனால்தான் முந்திக்கொண்டு நானே எழுதுகிறேன்.

எனக்கு அவன்மேல் பொறாமை. இதை மறைத்து எழுதினால் கதை விளங்காது. அவன் என்னைவிட வயதில் சின்னவன், சர்வீஸில் சின்னவன், உயரத்தில்கூடக் கொஞ்சம் கம்மி. வேலையிலும் என்னைவிடப் பெரிய ஆள் கிடையாது. அப்படி இருந்திருந்தால் எனக்கு ஏன் எரியப்போகிறது? பெரிய ஆளைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போய்விடலாம். நமக்குச் சமமாக இருக்கிறவன் ஒரு படி மேலே போய் நின்றுகொண்டு, அங்கிருந்து நம்மைப் பார்த்து அன்பாகச் சிரிக்கும்போதுதான் தாங்க முடிவதில்லை.

என் அப்பா தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர்க்காரர். மீன்பிடிக்க என்று இந்தத் தீவுக்கு வந்து, அதைவிடப் படகு பழுதுபார்ப்பதில் கை நன்றாக இருக்கிறது என்று கண்டுகொண்டு அதிலேயே இருந்துவிட்டார். பலகைக்கும் பலகைக்கும் நடுவில் பஞ்சைத் திணித்து, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி அடைப்பார்கள். கலப்பத்து என்று சொல்வார்கள். எனக்குப் படகில் கால் வைத்தாலே வாந்தி வரும். மீனவன் வீட்டில் பிறந்துவிட்டுக் கடலைக் கண்டால் குமட்டுகிறவனை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பங்குச் சாமியாரிடம் சொல்லி, அவர் யாரிடமோ சொல்லி, அரசாங்க வேலையில் தினக்கூலி மஜ்தூராக என்னைச் சேர்த்துவிட்டார்கள். மண் தோண்டினேன், பைப் சுமந்தேன், ஹெல்ப்பர் ஆனேன், பிளம்பர் ஆனேன். அந்த வருஷங்களில் சொல்வதற்கு ஒன்றுமில்லை. முதுகுவலி இருந்தது, அவ்வளவுதான்.

எங்கள் மேஸ்திரி அப்பாராவ். தெலுங்குக்காரர். எல்லாரும் ராவ் சாப் என்போம். வங்காளி, மலையாளி, தமிழன் என்று கலந்துகட்டிய எங்கள் கும்பலை அவர் இந்தத் தீவு இந்தியில்தான் மேய்த்தார். அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. வேலை சரியில்லை என்றால் நம் கையிலிருந்து ரிஞ்சை மெதுவாக வாங்கிக்கொள்வார். நாம் மாட்டியதை நம் கண் முன்னாலேயே கழற்றி, துடைத்து, முதலிலிருந்து மாட்டுவார். வாய்க்குள் ஏதோ பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். முடித்ததும் ரிஞ்சை நம் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். நாலு பேர் முன்னால் இரண்டு அறை விட்டிருந்தால்கூட அவ்வளவு உறைத்திருக்காது.

வேலை சரியாக இருக்கிறதா என்று அவர் பார்க்கிற முறை இதுதான். புதிதாக மாட்டிய இடத்துக்கு நேர் கீழே தரையில் ஒரு துண்டு நியூஸ் பேப்பரைப் போடுவார். குழாயைத் திறந்துவிடுவார். பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து ஒரு கிளாஸ் சாயா வரவழைத்துக் குடிப்பார். சாயா குடித்து முடிக்கும்வரை பேப்பரில் ஒரு பொட்டு ஈரம் விழக் கூடாது. விழாவிட்டால் எழுந்து, டீக் ஹை, சரி என்பார். அந்த ஒரு வார்த்தைக்காக நாங்கள் எல்லாரும் காத்துக் கிடப்போம். அவர் வேண்டுமென்றே மெதுவாகக் குடிப்பாரோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

சிவலிங்கம் எனக்குப் பின்னால் வந்து சேர்ந்தான். அவனுடைய அப்பா அம்மா சிலோனில் தேயிலைத் தோட்டத்தில் இருந்தவர்கள். அங்கிருந்து அனுப்பி, இங்கே ரப்பர் தோட்டத்தில் குடிவைத்த குடும்பம். அவன் பேசுகிற தமிழில் ஒரு பணிவு இருக்கும். வந்த முதல் நாளே என்னை அண்ணே என்றான். இன்றைக்கு வரைக்கும் அண்ணே தான். நான் அவனிடம் முகம் கொடுத்துப் பேசாத நாட்களிலும் அதில் சுருதி குறைந்ததில்லை.

அவன் வந்த கொஞ்ச நாளிலேயே ராவ் சாப்பின் கண் அவன் பக்கம் போய்விட்டது. வடக்கே ரங்கத் ஊரில் ஏதாவது வேலை என்றால் அவனைத்தான் பஸ் ஏற்றிவிடுவார். தனியாகப் போய், அங்கே ஆள் சேர்த்து, வேலையை முடித்துவிட்டு வரவேண்டும். அது நம்பிக்கைக்குரியவனுக்குத்தான் கிடைக்கும். என்னை அனுப்பச் சொல்லி ஒருதடவை நானே கேட்டேன். போன இடத்தில் ஹெல்ப்பரோடு சண்டை போட்டுக்கொண்டு திரும்பினேன். அவன் சோம்பேறி, நான் சொன்னதில் தப்பில்லை. ஆனால் ராவ் சாப் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த தடவை பழையபடி சிவலிங்கம் பஸ் ஏறினான்.

வீட்டில் புலம்புவேன். என் மனைவி ரெஜினா மீன் அரிந்துகொண்டே கேட்டுக்கொண்டிருப்பாள். ஒருநாள் அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, “ஒங்களுக்கு வேல தெரியாதுன்னு யாரு சொன்னா? ஒங்க ராவ் சாப்புக்கு ஆளு தெரியும். அம்புட்டுதான்” என்றாள். அன்று நான் சாப்பிடாமல் படுத்துவிட்டேன்.

ராவ் சாப் ரிட்டயர் ஆகப்போகிறார் என்று தெரிந்ததும் செக்‌ஷன் முழுக்க ஒரே பேச்சு, அடுத்த மேஸ்திரி யார்? சீனியாரிட்டிப்படி நான். ஆனால் ராவ் சாப் யார் பேரைச் சொல்கிறாரோ அவரைத்தான் இன்ஜினியர் போடுவார் என்பது எல்லாருக்கும் தெரியும். எனக்கு அந்த நாற்காலி வேண்டும். நாற்காலி என்று ஒன்று கிடையாது, ஸ்டோர் ரூம் வாசலில் ஒரு மர ஸ்டூல்தான். அது எனக்கு வேண்டும். என்னை அண்ணே என்று கூப்பிடுகிறவன் அதில் உட்கார்ந்து எனக்கு வேலை சொல்லக் கூடாது. அந்த நாட்களில் நான் ஜெபம் பண்ணியதெல்லாம் அதற்குத்தான்.

அப்போதுதான் கெஸ்ட் ஹவுஸ் பேசின் வந்தது.

மேட்டின்மேல் கடலைப் பார்த்த பழைய கெஸ்ட் ஹவுஸ். அதில் பெரிய ஆட்கள் வந்து தங்குகிற அறை ஒன்று. அதன் பாத்ரூமில் படாக் மரத்தில் அலமாரி செய்து, அதன்மேல் ரோஸ் கலர் பேசின் பதித்திருந்தார்கள். டாய்லெட், டைல்ஸ், சோப்பு வைக்கிற கிண்ணி எல்லாமே அதே ரோஸ். எந்தக் காலத்திலோ மொத்தமாக மெயின்லேண்டிலிருந்து கொண்டுவந்த செட். அந்த நிறத்தில் இன்னொரு பேசின் இந்தத் தீவில் எங்கேயும் கிடையாது. கப்ளிங் அரித்துப்போய் தண்ணீர் கசிந்து, படாக் அலமாரியின் தரை கறுத்து ஊறிக்கொண்டிருந்தது. டில்லியிலிருந்து ஒரு பெரிய அதிகாரி குடும்பத்தோடு வருகிறார். அதற்குள் கப்ளிங் மாறியிருக்க வேண்டும், பேசினில் கீறல் விழக்கூடாது. இன்ஜினியர் இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனார்.

ராவ் சாப் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். வேறு யாரையும் கூப்பிடவில்லை. இது பரீட்சைதான் என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. பேசினுக்கு மேலே சிவா, கீழே சூசை, அதாவது நான், என்று இடம் பிரித்துச் சொன்னார். நீ ஒல்லி, அலமாரிக்குள் நுழைய முடியும் என்று காரணமும் சொன்னார்.

வேலை தெரியாதவர்களுக்கு இதில் இருக்கிற அநியாயம் புரியாது. பேசின் கப்ளிங் இரண்டு ஆள் வேலை. மேலே இருக்கிறவன் கப்ளிங் வாயில் இருக்கிற சிலுவைக் கம்பிக்குள் இரண்டு ஸ்க்ரூ டிரைவரைச் சொருகி அது சுற்றாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். கீழே இருக்கிறவன் மல்லாக்கப் படுத்து நட்டைக் கழற்ற வேண்டும். அழுக்குத் தண்ணீர், துரு, பல்லியின் எச்சம் எல்லாம் கீழே இருக்கிறவன் முகத்தில்தான் விழும். கடைசியில் கப்ளிங் விடுபட்டதும் அதை மேலே இழுத்து எடுத்து, பார்த்தீர்களா என்று காட்டுகிறவன் மேலே இருக்கிறவன். கதவைத் திறந்து உள்ளே வருகிறவர்களுக்கு அவன் முகம் தெரியும். என்னுடைய கால் இரண்டும்தான் தெரியும்.

அலமாரிக்குள் நுழைந்து படுத்தேன். வால்வை மூடி, பாட்டில் டிராப்பைக் கழற்றி, அதிலிருந்த சேற்றை வாளியில் கொட்டினேன். நட்டைப் பார்த்தேன். பச்சை பூத்துப்போய் நட்டும் மரையும் ஒரே வார்ப்பு மாதிரி ஒட்டியிருந்தது. உப்புக் காற்று பித்தளையை இப்படித்தான் தின்னும். மண்ணெண்ணெயும் பிரேக் ஆயிலும் கலந்து துணியில் நனைத்து அதைச் சுற்றிக் கட்டிவிட்டுக் காத்திருந்தோம். பிறகு ரிஞ்சைப் போட்டேன். நட்டு அசையவில்லை, பேசின் முனகியது. சிவலிங்கம் மேலிருந்து, “அண்ணே, போதும். சட்டி கதறுது” என்றான். அவன் சொல்லாவிட்டால் எனக்குத் தெரியாதா? ரிஞ்சை எடுத்துவிட்டேன்.

அடுத்தது இரும்பு அறுக்கிற ஆக்சா பிளேடு. பிளேடின் ஒரு முனையில் துணி சுற்றிக் கைப்பிடியாக்கி, நட்டைக் கீழிருந்து மேலாக நெட்டுக்கு அறுக்க வேண்டும். முழுசாக அறுத்தால் பிளேடு பீங்கானில் பட்டுவிடும். மேலே ஒரு நூல் கனம் மிச்சம் வைத்து நிறுத்தி, அந்த வெட்டில் உளியைச் சொருகித் திருப்பினால் நட்டு தானே பிளந்துகொள்ளும். பித்தளைத் தூள் கண்ணில் விழுந்துகொண்டே இருந்தது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு அறுத்தேன். டக்கென்று நட்டு இரண்டாகி என் மார்பில் விழுந்தது. வேலை முடிந்தது, எழுந்து நானே மேலே போய்க் கப்ளிங்கை எடுத்துவிடலாம் என்று ஒரு நினைப்பு ஓடியது.

கப்ளிங் வரவில்லை. நட்டு இல்லாமலே பேசினோடு ஒட்டிக்கொண்டு நின்றது. கட்டையை வைத்துக் கீழிருந்து தட்டினேன். அசையவில்லை. சிவலிங்கம் வெள்ளை சிமென்ட் வைத்து உட்காரவைத்திருப்பார்கள் என்றான். எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். டாய்லெட் கழுவுகிற ஆசிட்டை ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விட்டான். சிமென்ட்டாக இருந்தால் பொங்கிக் கரையும். கண் எரிந்தது, இருமல் வந்தது, வேறு ஒன்றும் நடக்கவில்லை. இனி உள்பக்கமாகவே பிளேடை விட்டுக் கப்ளிங் உதட்டைத் துண்டு துண்டாக அறுத்து மடக்க வேண்டியதுதான் என்றான். அப்படிச் செய்தால் ரோஸ் பீங்கானில் கீறல் விழாமல் இருக்காது. அவன் குரலிலும் அந்தப் பயம் இருந்தது.

நான் கீழே படுத்துக்கொண்டு கப்ளிங்குக்கும் பேசினுக்கும் நடுவில் இருந்த அடைப்பைக் கத்தி முனையால் சுரண்டினேன். சிமென்ட் என்றால் மாவாக உதிரும். இது உதிரவில்லை. கறுப்பாகச் சுருண்டு வந்தது. விரலில் வைத்து நசுக்கினேன், ஒட்டியது. வத்திப்பெட்டி எடுத்து ஒரு துளியைக் கொளுத்தினேன். படுத்திருந்த அலமாரி முழுக்கக் கோவில் பூசை வாசனை. குங்கிலியம். அந்தக் காலத்தில் கப்பல் வர நாளாகி, சிமென்ட்டும் ஓட்டை அடைக்கிற புட்டியும் தீர்ந்துபோன நேரத்தில், எந்தக் கரையோரத்து ஆளோ படகுக்குக் காய்ச்சிய கலப்பத்தைக் கொண்டுவந்து பாத்ரூம் பேசினுக்கு வைத்து அடைத்திருக்கிறான். என் அப்பாவோடு வேலை பார்த்தவனாகக்கூட இருக்கலாம். இப்படி ஒரு கூத்து இந்தத் தீவில்தான் நடக்கும்.

ஆசிட்டுக்கு அது மசியாது. சுத்தியலுக்கும் மசியாது. சூட்டுக்கு இளகும். ஆனால் பீங்கானில் நெருப்பைக் காட்டினால் விரிசல் விட்டுவிடும், அதனால் வெந்நீர். அதுவும் எடுத்த எடுப்பில் கொதிநீர் ஊற்றக் கூடாது. சிவலிங்கத்திடம் சொன்னேன். அவன் ஏன், எதற்கு என்று ஒன்றும் கேட்கவில்லை. கெஸ்ட் ஹவுஸ் சமையல்கார வங்காளியிடம் போய்க் கெட்டில் கெட்டிலாக வாங்கி வந்தான். கப்ளிங் ஓட்டையை நான் கீழிருந்து துணிப்பந்தால் அடைத்துப் பிடித்துக்கொண்டேன். முதலில் வெதுவெதுப்பாக ஊற்றினான், பிறகு கொஞ்சம் சூடாக, பிறகு இன்னும் சூடாக. துணியைத் தாண்டிக் கசிந்த வெந்நீர் என் கையில் ஓடி, அக்குளில் இறங்கி, முதுகுக்குப் போனது. கையை எடுத்தால் தண்ணீர் போய்விடும். எடுக்கவில்லை.

பேசின் நன்றாகச் சூடேறியதும் தண்ணீரை விட்டுவிட்டு, கப்ளிங்கின் வாலில் ரிஞ்சைப் போட்டேன். இப்போது கப்ளிங் சுற்ற வேண்டும், பேசின் அசையக் கூடாது. சிவலிங்கம் பேசினை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டான். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினேன். ஒரு மயிரிழை நகர்ந்தது. நான் உணர்வதற்கு முன்னால் அவன் பார்த்துவிட்டான். “திரும்புது அண்ணே. விட்டுறாதீங்க” என்றான். இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று ஆட்டி ஆட்டி இளக்கினேன். அப்புறம் கட்டையை வைத்து மேலே தள்ளினேன். கறுப்புப் பாகு நூல் நூலாக இழுபட, கப்ளிங் மேலே போனது. என் கைக்கு எட்டாத இடத்துக்குப் போனது.

அந்த நேரம் பார்த்துத்தான் பாத்ரூம் கதவு திறந்தது. ராவ் சாப்பின் செருப்பு இரண்டும் எனக்குத் தெரிந்தன. சிவலிங்கம் கையில் கப்ளிங்கோடு நிற்கிறான். நான் அலமாரிக்குள் மல்லாந்து கிடக்கிறேன். என் ஜென்மம் முழுக்க இதுதான் நடக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

“கௌன் நிகாலா?” என்று கேட்டார் ராவ் சாப். யார் எடுத்தது?

மேலே ஒரு வினாடி சத்தமில்லை. அந்த ஒரு வினாடியில் நான் சிவலிங்கத்தை எத்தனை வசவு வைதேன் என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

“அண்ணன் நிகாலா சாப்” என்றான் அவன். “ஹம் காலி பகட்கே ரக்கா.” அண்ணன்தான் எடுத்தார், நான் சும்மா பிடித்துக்கொண்டிருந்தேன். அதோடு விட்டானா? குங்கிலியத்தை நான் கண்டுபிடித்தது, வெந்நீர் ஊற்றச் சொன்னது, சுடச்சுட நான் கையை எடுக்காமல் இருந்தது எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னான். தான் ஆசிட் ஊற்றி ஏமாந்ததையும் சேர்த்துச் சொன்னான்.

ராவ் சாப் குனிந்து அலமாரிக்குள் என்னைப் பார்த்தார். முகமெல்லாம் பச்சையும் கறுப்புமாக நான் அவரைப் பார்த்தேன். டீக் ஹை என்றார். இன்னும் புதுக் கப்ளிங் மாட்டவே இல்லை, பேப்பர் போடவில்லை, சாயா வரவில்லை. அதற்கு முன்னாலேயே அவர் அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். அலமாரிக்குள் படுத்தபடியே சிரித்தேன். ஸ்டூல் என்னுடையது என்று முடிவு பண்ணிவிட்டேன்.

அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது பாதி வழியிலிருந்தே வேகமாக நடந்தேன். ரெஜினாவிடம் ஒன்று விடாமல் சொன்னேன். சிவலிங்கம் சொன்ன பதிலையும் சொன்னேன், அதுதானே எனக்குச் சாட்சி. அவள் என் கையில் வெந்த இடத்துக்கு எண்ணெய் தடவிக்கொண்டே, “நல்ல மனுசன்” என்றாள். என்னைத்தான் சொல்கிறாள் என்று முதலில் நினைத்தேன்.

மறு வாரம் ராவ் சாப் பேர் சொன்னார். சிவலிங்கம்.

என் காது சரியாகத்தான் கேட்டதா என்று பக்கத்தில் இருந்தவனிடம் கேட்டேன். சிவலிங்கமே திகைத்துப்போய்தான் நின்றான். சீனியர் அண்ணன் இருக்கிறார் சாப் என்று வேறு சொன்னான். அதையாவது சொல்லாமல் இருந்திருக்கலாம். அன்று சாயங்காலம் நேராகப் பத்துபஸ்திக்குப் போனேன். ராவ் சாப் வீடு அங்கேதான், விமான நிலையத்துக்குப் பக்கத்தில். மறுநாள் கப்பலில் அவர் ஊருக்குப் போகிறார். மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே கேட்டேன். கப்ளிங்கை எடுத்தது நான். உங்களுக்குத் தெரியும். அவனே அவன் வாயால் சொன்னான். பிறகு எப்படி அவன்?

ஒரு விமானம் தாழ்ந்து இறங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் அடங்கும்வரை அவர் கயிற்றை முடிபோட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் அவர் இந்தியில் சொன்னதை நான் தமிழில் சொல்கிறேன். “நீதான் எடுத்தாய். என் செக்‌ஷனில் வேறு யாராலும் அதை எடுத்திருக்க முடியாது. நான் பிளம்பர் தேடவில்லை, சூசை. மேஸ்திரி தேடினேன்.”

இதில் என்ன வித்தியாசம் என்று கேட்டேன்.

கயிற்றைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “மாற்றி வைத்துக்கொள். நீ மேலே, அவன் கீழே. குங்கிலியத்தைக் கண்டுபிடித்தவன் அவன். கப்ளிங் உன் கையில் இருக்கிறது. நான் உள்ளே வந்து, யார் எடுத்தது என்று கேட்கிறேன். என்ன சொல்லுவாய்?”

வாயைத் திறந்தேன். அவர் கையை உயர்த்தித் தடுத்தார். இப்போது சொல்லாதே, நாளைக்குச் சொல் என்றார்.

பஸ்ஸுக்குக்கூட நிற்காமல் புரோத்ராபூர் வரைக்கும் நடந்தே வீட்டுக்கு வந்தேன். இரவெல்லாம் யோசித்தேன். காலையில் பதில் தயாராக இருந்தது. நான் அந்த இடத்தில் இருந்தால் சிவலிங்கம் சொன்ன மாதிரியே சொல்லியிருப்பேன் சாப் என்று சொல்ல வேண்டியதுதான். கப்பல் ஜெட்டிக்குப் போனேன். ராவ் சாப்பைச் சுற்றிக் கூட்டம். என்னைக் கண்டதும் பக்கத்தில் கூப்பிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார். கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். புரோத்ராபூர் லைனில் மெயின் வால்வு தேய்ந்துபோய் இருக்கிறது, அடுத்த மழைக்குள் மாற்றிவிடுங்கள் என்றார். அவ்வளவுதான். கப்பல் ஏறிவிட்டார். பதில் சொல்ல வேண்டியவன் நான்தானே, நானே ஆரம்பித்திருக்கலாம். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கையில் அது வாயில் வரவில்லை. சில வருஷம் கழித்து அவர் ஊரில் காலமாகிவிட்டார் என்று செய்தி வந்தது.

மிச்ச சர்வீஸ் முழுவதும் நான் சிவலிங்கத்தின் கீழ் வேலை பார்த்தேன். கொடுமை செய்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். யார் புதிதாக வந்தாலும் என்னைக் காட்டி, கெஸ்ட் ஹவுஸ் கப்ளிங்கை எடுத்தவர் இவர்தான் என்பான். இன்ஜினியர் பாராட்டினால் என் பக்கம் கையை நீட்டுவான். அந்த ஸ்டூலில் அவன் என் முன்னால் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை, என்னைக் கண்டால் எழுந்துவிடுவான். இப்படி என் பேரைச் சொல்லிச் சொல்லியே அவன் பேர் வளர்ந்தது. இப்போது பையன்களுக்குக் கதை மட்டும் ஞாபகம் இருக்கிறது. அதைச் சொன்ன மேஸ்திரியின் பேர் ஞாபகம் இருக்கிறது. என் பேர் போய்விட்டது. அவன் மட்டும் அன்றைக்கு, தானே எடுத்ததாகப் பொய் சொல்லியிருந்தால், ஸ்டூல் எனக்கு வந்திருக்கும். உண்மையைச் சொல்லி என்னிடமிருந்து எடுத்துக்கொண்டான்.

ராவ் சாப் இல்லை. கேட்பதற்கு இனி யாரும் வரப்போவதில்லை. ஆனாலும் அந்தப் பதிலை இன்றுவரை நான் திருத்திக்கொண்டுதான் இருக்கிறேன். நான் மேலே நிற்கிறேன். சிவலிங்கம் கீழே படுத்திருக்கிறான். குங்கிலியம் அவனுடைய கண்டுபிடிப்பு. கதவு திறக்கிறது. கௌன் நிகாலா என்று கேட்கிறார். சிவலிங்கம்தான் என்று சொல்ல வாயெடுக்கிறேன். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் சாப் என்று வருகிறது. அந்த வரியை அடித்துவிட்டு மறுபடி ஆரம்பிக்கிறேன். நான் பிடித்துக்கொண்டேன், அவன் எடுத்தான் என்று வருகிறது. இது பரவாயில்லை, கிட்டத்தட்ட சரி. இதிலும் நான் முதலில் நிற்கிறேன்.